பத்திரிகை நின்றது, திருவிழா பிறந்தது

பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்த மக்கள் புதிய ஊரில் முதலில் எதை அமைத்துக் கொள்கிறார்கள் என்று பார்த்தால் அவர்களுடைய மனம் விளங்கும். நம்மவர்கள் கோயில் எழுப்பினார்கள். அதையடுத்துப் பஜனை, பிறகு சங்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1845 மார்ச் 21 அன்று நியூ பிரான்ஃபெல்ஸ் என்னும் ஊரை நிறுவிய ஜெர்மானியரோ, சில ஆண்டுகளுக்குள் துப்பாக்கி சுடும் சங்கமும் பாட்டுச் சங்கமும் கண்டார்கள். 1853இல் டெக்சாஸ் ஜெர்மானியர்களின் முதல் இசை விழா அவ்வூரிலேயே நடந்தது.

அவ்வூர் சான் அன்டோனியோ நகருக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் வடகிழக்கே உள்ளது. மகள் வீட்டில் தங்கியிருந்த சமயம், நவம்பரில் அங்குப் பத்து நாள் நடைபெறும் 'வூர்ஸ்ட்ஃபெஸ்ட்' விழாவுக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். வூர்ஸ்ட் என்பது கொத்திய இறைச்சியைக் குடலில் அடைத்துச் செய்யும் சாசேஜ். "சாசேஜ் திருவிழாவில் நமக்கென்ன வேலை?" என்று வீட்டு அம்மாள் கேட்டது நியாயமே. ஆனால் காமல் ஆற்றங்கரையில் நடந்த அந்த விழாவில் உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட அடையும் உண்டு. கைமுறுக்கைப் பத்து மடங்கு பெரிதாக்கி, மொறுமொறுப்பை மட்டும் நீக்கிவிட்டாற் போன்ற பிரெட்சலும் உண்டு. பேத்தி இரண்டையும் ஒரு கை பார்த்தாள். பீர் ஆறாக ஓடியதைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

எங்கு நோக்கினும் அக்கார்டியன் இசை. அது நம் ஆர்மோனியத்திற்குத் தாயாதி முறை. இரண்டும் காற்றடித்து உலோக நாக்கை அதிரச் செய்யும் கருவிகளே. மேல்நாட்டு ஆர்மோனியத்தை நம் நாடகக் கொட்டகை தன்னுடையதாக்கிக் கொண்டது போலவே, டெக்சாஸ் வாழ் மெக்சிகோ மக்கள் ஜெர்மானிய, செக் குடியேறிகளிடமிருந்து அக்கார்டியனைப் பெற்று, தங்களுக்கென ஓர் இசையையே வளர்த்து விட்டார்கள்.

ஆடவர் பலர் தோலால் ஆன அரைக்கால் சட்டை அணிந்திருந்தனர். அது பவேரியா நாட்டு உடை. இவ்வூரை நிறுவியவர்களில் பெரும்பாலோர் நாசாவ், ஹெஸ்ஸ முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள்! கொங்கு நாட்டார் பேரன் செட்டிநாட்டு மாப்பிள்ளைக் கோலத்தில் மேடையேறினால் எப்படியோ அப்படித்தான். ஆயினும் நகைக்க மனம் வரவில்லை. நம் ஆண்டு விழாக்களிலும் இத்தகைய காட்சிகளுக்குக் குறைவில்லை.

அவர்கள் வந்த வரலாறு எளிதன்று. 1842இல் ஜெர்மானியப் பிரபுக்கள் சிலர் கூடி அமைத்த சங்கமொன்று, டெக்சாஸில் நிலம் தருவதாகக் கூறி ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றியது. 1846இல் மெக்சிகோவுடன் போர் மூண்டதும் வண்டிகளும் மாடுகளும் படைக்குப் போயின. கடற்கரையில் கூடாரத்தில் காத்துக் கிடந்தவர்களுள் நூற்றுக்கணக்கானோர் நோயால் மாண்டனர். எஞ்சியோர் நடந்தே உள்நாடு சேர்ந்தனர்.

இவ்வளவு துன்பத்திற்குப் பின்னரும் அவர்கள் 1852இல் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். 'நியூ பிரான்ஃபெல்ஸர் சைட்டுங்' என்பது பெயர். லிண்ட்ஹைமர் என்னும் தாவரவியல் அறிஞர் அதன் முதல் ஆசிரியர். நூற்றைந்து ஆண்டுகள் அது ஜெர்மன் மொழியிலேயே வெளிவந்தது என்றால் வியப்பன்றோ! இடையில் முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மன் பேசுவோர் ஐயத்திற்குரியவராயினர். 1918இல் பள்ளிகளில் ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டுமென்று டெக்சாஸ் சட்டம் இயற்றியது. அதன் பின்னும் பத்திரிகை உயிர் தரித்து நின்று, 1957இல் ஜெர்மன் பதிப்பை நிறுத்தியது. சாசேஜ் திருவிழா தொடங்கியது 1961இல். இவ்விரு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எங்களுக்கு உணவு இறங்கவில்லை.

எங்கள் மேசையில் வந்தமர்ந்த முதியவர் ஒருவரிடம் பேத்தி, "நீங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டு விட்டாள். அவர் சிரித்தார். தாம் ஜெர்மனியைக் கண்டதே இல்லை, பாட்டனாரின் பாட்டனார் வந்தவர் என்றார். ஆனால் ஜெர்மன் பேசுவாராம். ஆகாய விமானத்தை 'லுஃப்ட்ஷிஃப்' என்பது அவர்கள் வழக்கு. அதாவது ஆகாயக் கப்பல். விமானம் தோன்றுமுன்பே ஊரை விட்டு வந்தவர்களின் சந்ததி தாமாக வழங்கிக் கொண்ட பெயர் அது; ஜெர்மனியில் வேறு சொல் வழக்கிற்கு வந்து விட்டது. ஊரில் மறைந்து போன சொற்கள் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நம் வீட்டுப் பாட்டிமார் வாயில் உயிரோடிருப்பதை நினைத்துக் கொண்டோம்.

"யாருடன் பேசுவீர்கள்?" என்று மருமகன் கேட்டார்.

"தம்பி இருந்தவரை அவனுடன்" என்றார் அவர். பேரப் பிள்ளைகளுக்கு விழாப் பாட்டுகள் தெரியுமாம், பொருள் தெரியாதாம்.

ஒரு காலத்தில் லட்சம் பேருக்கு மேல் பேசிய அந்த வழக்கை, டெக்சாஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹான்ஸ் போவாஸ் 2001 முதல் ஒலிப்பதிவு செய்து காத்து வருகிறார். நற்பணிதான். என்றாலும் பெட்டகத்தில் இருக்கும் பேச்சு வேறு, அடுக்களையில் இருக்கும் பேச்சு வேறு.

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் கூட்டத்திற்கு ஒருபோதும் குறைவில்லை. வெண்பொங்கலுக்கு வரிசை வாசல் வரை நீளுகிறது. தமிழ் வகுப்பிலோ இடம் ஏராளம். அறிவிப்புகளைக்கூட இப்போது ஆங்கிலத்தில் சொன்னால்தான் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆகவே ஆசிரியரிடம் ஒன்று வேண்டினோம், அவரும் இசைந்தார். அடுத்த இதழ் முதல் ஒரு பக்கம் பிள்ளைகளுக்கே. பதினைந்து வயதுக்குட்பட்டோர் தம் கையால் எழுதிய பத்து வரிகளை அனுப்பலாம். பொருள் எதுவாயினும் சரி. பெற்றோர் திருத்தி எழுதித் தர வேண்டாம். எழுத்துப் பிழைகளோடேயே அச்சிடுவோம்.