அரை மணி நேரப் பாதையின் பயன்

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியாத் தீவில், லயல் நெடுஞ்சாலை பிராங்க்ளின் ஆற்றைக் கடக்கும் இடத்தில் ஒரு சிறு நடைபாதை உளது. அதன் நீளம் ஏறக்குறைய 1 கிலோமீட்டரே. அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். மலையேறிப் பழகாதவரும் சிறுவரும் அதில் எளிதாக நடப்பர். இத்தகைய பாதைகள் உல்லாசப் பயணிகளின் பொழுதுபோக்கிற்கே உரியவை என்று கருதுவோர் உண்டு. அக்கருத்துப் பொருந்தாது.

அப்பாதை சமசீதோஷ்ண மழைக்காட்டினூடே செல்கிறது. அடிமரங்களில் பாசி அடர்ந்திருக்கிறது. மிர்ட்டில் பீச் மரங்களின் நிழல் கவிந்திருக்கிறது. இம்மரத்தின் உறவினங்கள் நியூஜீலாந்திலும் தென் அமெரிக்காவிலும் வளர்கின்றன. இந்நிலங்கள் யாவும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்னும் பெருங்கண்டமாக இணைந்திருந்தன என்பதற்கு இஃது ஒரு சான்று. அப்பெருங்கண்டத்தின் பெயரோ, மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயரிலிருந்து வந்ததாகும். அருகே ஓடும் ஆற்றுநீர் தேநீரின் நிறம் கொண்டது. சதுப்பு நிலத் தாவரங்களிலிருந்து கசியும் டானின் பொருள்களே அதற்குக் காரணம்.

இவ்வாறு கீழே சென்று கார்டன் ஆற்றில் கலக்கிறது. அச்சங்கமத்திற்குக் கீழே மின் உற்பத்திக்காக அணை கட்டத் திட்டமிடப்பட்டது. அதனை எதிர்த்து 1982 டிசம்பரில் தொடங்கிய மறியலில் 1,200-க்கும் மேற்பட்டோர் கைதாயினர். 1983 தேர்தலின்போது, பீட்டர் டாம்ப்ரோவ்ஸ்கிஸ் எடுத்த ஆற்றின் புகைப்படம் ஒன்று பத்திரிகை விளம்பரமாக வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலை 1-ஆம் நாள், நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால் அணைத் திட்டம் நின்றது.

அந்த ஆற்றை நேரில் கண்டிராத மக்களிடம் புகைப்படம் பேசிற்று. ஆனால் ஒவ்வொரு காட்டிற்கும் அத்தகைய படம் வாய்க்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. காட்டைத் தம் கால்களால் அறிந்தவர்களே அதன் நிலையான காவலர் ஆவர்.

பலர் நடந்தால் மண் இறுகும், வேர்கள் நசுங்கும் என்பது நியாயமான ஆட்சேபம். அதனாலேயே, சாலையை ஒட்டி, நன்கு அமைந்த ஒரே பாதை போதும். எஞ்சிய காடு தனித்திருக்கட்டும். இடத்தைத் தேர்வது களப்பணியாளர் பொறுப்பு. ஆசிரியரோ மாணாக்கரை விரைந்து நடத்திச் செல்லாமல், ஐந்து இடங்களில் நிறுத்தி, "இங்கு நீங்கள் காண்பது என்ன?" என்று கேட்பாராக. நூல் கற்பிக்க இயலாததை அந்த அரை மணி நேரம் கற்பித்துவிடும்.