அந்த இருபது நிமிடங்கள்

எங்கள் ஜிம்மி பக்கத்து வீட்டுப் பூனையைக் கடித்துவிட்டது. பூனை இரண்டாம் நாள் இறந்துபோனது. நாலு மாதங்களாக இதை வேறு எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். இப்படித்தான் சொல்ல முடிகிறது.

சுங்கைப்பட்டாணியில் ஒரு தாமானில் எங்கள் வரிசை வீடு. பக்கத்து வீட்டு மக்சிக்கின் பூனைக்கு ஓயேன் என்று பெயர். மலேசியாவில் ஆரஞ்சு நிறப் பூனைகளில் பாதிக்கு இந்தப் பெயர்தான் இருக்கும்.

அன்று மாலை கல்லூரி முடிந்து மோட்டாரில் வந்த நான், கைப்பேசியில் பேசிக்கொண்டே உள்ளே போனேன். கேட்டுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்சந்தில் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் ஓயேன் ஜிம்மியின் வாயில் இருந்தது. நான் கத்தியதும் ஜிம்மி விட்டுவிட்டது. பூனை ஊர்ந்து போய் அங்கே நின்ற ஒரு காருக்கடியில் படுத்துக்கொண்டது. சந்தில் வேறு யாரும் இல்லை.

ஜிம்மியை இழுத்து வந்து கட்டினேன். செருப்பால் ஓர் அடியும் கொடுத்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "யாரும் பாக்கலைல்ல? பேசாம இரு. தெருநாய் கடிச்சிருக்கும்னு நெனச்சுக்குவாங்க" என்றார். அம்மா கெட்டவர் அல்லர். அக்கம்பக்கத்தில் நாயால் வம்பு வந்துவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. எனக்கும் அதே பயம்தான். மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். இருபது நிமிடங்கள் கழித்துத்தான் மக்சிக் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. காருக்கடியில் கையை விட்டு ஓயேனை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர்கள் சமயத்தின் முறை. அதையெல்லாம் அவர் பிறகு பார்த்துக்கொண்டார். அந்த நிமிடத்தில் அவருக்குப் பூனைதான் தெரிந்தது.

ஓயேனின் உடலில் வெளியே இரண்டு சிறிய ஓட்டைகள்தான் இருந்தன. ஆனால் நாய் கவ்வி உலுக்கும்போது தோலுக்கு அடியில் தசையும் உறுப்புகளும் நசுங்கியிருக்கலாம் என்று கிளினிக்கில் மருத்துவர் விளக்கினார். சின்னக் காயம்தானே என்று வீட்டில் மஞ்சள் பூசிவிட்டுக் காத்திருக்கக் கூடாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். முன்பே கொண்டு வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். "நாய்னா அப்படித்தான்டா, அதோட குணம்." இது உண்மைதான். ஓடுகிற சிறு உயிரைத் துரத்துவது நாயின் இரத்தத்தில் ஊறியது. வயிறு நிறையச் சாப்பிட்ட நாயும் துரத்தும். ஆனால் தாழ்ப்பாள் போடாமல் போனதும், இருபது நிமிடம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததும் நாயின் குணம் இல்லையே.

அப்பா வேறு யோசனை சொன்னார். ஜிம்மியைத் தோட்டத்தில் இருக்கும் மாமா வீட்டுப் பக்கம் கொண்டு போய் விட்டுவிடலாம் என்றார். எனக்கு உடனே மனுநீதிச் சோழன் நினைவுக்கு வந்தார். தமிழ்ப்பள்ளியில் அந்த நாடகத்தில் நான்தான் கன்றுக்குட்டி. இரண்டு நிமிடத்தில் இறந்துவிட்டு மீதி நேரமெல்லாம் மேடையில் படுத்துக் கிடப்பேன். கன்றின் மீது தேரை ஏற்றியது மகன். மன்னன் தண்டித்ததும் அந்த மகனைத்தான், தேரில் பூட்டிய குதிரைகளை அல்ல. பெரியபுராணத்தில் இறைவன் அருளால் கன்றும் இளவரசனும் உயிர்பெற்று எழுவார்கள். எங்கள் தாமானில் அப்படி எதுவும் நடக்கப்போவதில்லை. ஜிம்மியை விரட்டினால் குதிரையைத் தண்டித்ததாகத்தான் ஆகும். போகிற இடத்தில் பூனை இருக்காதா? நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் விலங்கைக் கவனிக்கும் கடமையை உரிமையாளரிடம்தான் கொடுத்திருக்கிறது.

செருப்படி விஷயத்துக்கு வருகிறேன். அன்றிரவு ஜிம்மி காதைத் தொங்கப்போட்டு, என்னைப் பார்க்காமல் மூலையில் கிடந்தது. "தப்பு அதுக்கே தெரியுது" என்று தம்பி சொன்னான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகுதான் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். தொடக் கூடாது என்று சொல்லி வைத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும், அதன் குற்றவாளி முகத்துக்கும் தொடர்பில்லை. உரிமையாளர் திட்டும்போதுதான் அந்த முகம் அதிகம் வருகிறது என்று அவர் கண்டார். ஜிம்மி பயந்தது என் செருப்புக்கு. பூனைக்காக வருந்த வேண்டியவன் வீட்டில் ஒருவன்தான் இருந்தான்.

நானும் வருந்தினேன். சரியாகச் சாப்பிடவில்லை. ஒப்படைப்புகளைத் தாமதமாகக் கொடுத்தேன். மக்சிக் வாசலில் இருந்தால் சுற்றுவழியில் வீட்டுக்குப் போனேன். இதையெல்லாம் குற்ற உணர்வு என்றே நினைத்துக்கொண்டேன். 'நான் தவறு செய்தேன்' என்ற எண்ணத்தையும் 'நானே மோசமானவன்' என்ற எண்ணத்தையும் உளவியலாளர் ஜூன் டாங்னி பிரித்துக் காட்டுகிறார். முதலாவது தவறைச் சரிசெய்யத் தூண்டும். இரண்டாவது ஒளிந்துகொள்ளச் சொல்லும். நான் மூன்று வாரம் ஒளிந்துகொண்டுதான் இருந்தேன். நான் பட்டினி கிடந்ததில் மக்சிக்குக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: நான் படும் வேதனையால் பாதிக்கப்பட்டவருக்கு ஏதாவது போய்ச் சேருகிறதா? தனியாகக் கேட்டுக்கொள்ள முடியாவிட்டால் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமாவது போய்ப் பேசுங்கள். நான் என் நாய்தானே என்று வெட்கப்பட்டு யாரிடமும் பேசவில்லை. அது தவறு.

கிளினிக் செலவை அப்பா முதல் நாளே கட்டிவிட்டார். கேட்டுக்கு அடியில் கம்பிவலை அடித்தோம். தானாக மூடிக்கொள்ளும் தாழ்ப்பாள் ஒன்றும் வாங்கிப் போட்டோம். ஜிம்மி இப்போது வாரில்லாமல் வெளியே போவதில்லை. இவையெல்லாம் பணத்தால் முடிகிற காரியங்கள்.

முடியாமல் இருந்தது ஒன்றுதான். மூன்றாவது வாரக் கடைசியில் மக்சிக் வீட்டுக்குப் போய், கடித்ததைப் பார்த்த பிறகும் இருபது நிமிடம் கழித்துத்தான் வந்து சொன்னேன் என்பதைச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்கக் கூடாது என்று போகும்போதே முடிவு செய்திருந்தேன். கேட்டால் அவர் பண்புக்காகப் பரவாயில்லை என்று சொல்லிவிடுவார். அந்தச் சுமையும் அவர் தலையில் ஏறிவிடும்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மலாயில் கேட்டார்: "அந்த நேரத்தில் ஓயேன் கத்திக்கொண்டிருந்ததா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆமாம், மக்சிக்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். இப்போது எதிரே பார்த்தால் ஒரு வார்த்தை பேசுகிறார். முன்பு போல நின்று பேசுவதில்லை. நான் சுற்றுவழியில் போவதை விட்டுவிட்டேன்.

போன மாதம் அவருடைய பேரன் ஒரு குட்டிப்பூனை கொண்டு வந்திருக்கிறான். ஏழு மணி வாக்கில் அது இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதில்மேல் வந்து உட்காரும். அதற்கு முன்பே ஜிம்மியைச் சமையலறைக்குக் கூட்டிப் போய் இரும்புக் கதவைச் சாத்திவிடுகிறேன். பிறகு வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளை ஒரு முறை இழுத்துப் பார்க்கிறேன்.