பாசியைக் குறை கூறலாமா?



ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் சிங்கப்பூரிலுள்ள எங்கள் சித்தப்பா வீட்டிற்கு அக்காள் தங்கை இருவரும் சென்றிருந்தோம். அங்கே கண்ட வானளாவிய கட்டடங்களைப் பற்றியும் பறவைப் பூங்காவைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். நாங்கள் எழுத வந்தது சித்தப்பா வீட்டுக் கூடத்திலிருந்த மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியைப் பற்றி. இன்னும் உண்மையாகச் சொன்னால், அதில் எங்களால் வளர்ந்த பாசியைப் பற்றி.

அது சாதாரண மீன் தொட்டி அன்று. சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்குமாறு அளந்து கலந்து, கடலையே வீட்டிற்குள் கொண்டுவந்திருந்தார் சித்தப்பா. வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் இரண்டு, ஓர் இறால், பாறைகளின் மேல் உள்ளங்கை அகலத்திற்குப் பவளங்கள். விளக்கு எரியும்போது அவை பூப்போல் விரியும், அணைத்தால் சுருங்கிக்கொள்ளும். அவை கடையில் துண்டு துண்டாக வளர்த்து விற்கப்பட்டவை. (இதைப் படித்துவிட்டு யாரும் மன்னார் வளைகுடாவிற்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் பவளங்களும் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றமே.)

நாங்கள் போய் நான்காம் நாள் சித்தப்பா மூன்று வார வேலையாக வெளியூர் புறப்பட்டார். உறைய வைத்த சிற்றிறால் கட்டிகளைக் குளிர்பெட்டியில் காட்டி, "தினம் ஒரு கட்டி. ஒன்றே ஒன்றுதான், பிள்ளைகளா" என்று சொல்லிச் சென்றார். ஆனால் நாங்கள் கூடத்திற்குள் கால் வைத்தாலே அந்த இரண்டு மீன்களும் கண்ணாடியருகே ஓடி வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். விருந்தாளி இலையை மடிக்கும்வரை பரிமாறுகிற வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். காலையில் ஒன்று, பள்ளியில்லாத மத்தியானத்தில் ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று என்று போட்டோம். சித்திக்குத் தெரியாது.

முதலில் கண்ணாடியில் பழுப்பாக ஒரு படலம் வந்தது. துடைத்துவிட்டோம். பின்பு பாறைகளின் மேல் பச்சை நூல்கள் முளைத்தன. மூன்றாம் வாரத்தில் அவை விரல் நீளம் வளர்ந்து தலைமுடி போல் ஆடின. பவளங்களின் மேலும் படர்ந்தன. பவளங்கள் விரிவதையே நிறுத்திவிட்டன. மீன்கள் மட்டும் கொழுகொழுவென்று இருந்தன.

திரும்பி வந்த சித்தப்பா அதிர்ந்து போனார். விளக்கு பழசாகிவிட்டதோ, உப்புத் தூள் கலப்படமோ என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார். சனிக்கிழமை மாலை கடைக்குப் போய்ப் பாசியைக் கொல்லும் மருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். மறுநாள் காலை ஊற்றுவதாக ஏற்பாடு. இரவு முழுவதும் எங்களுக்குத் தூக்கமில்லை. பாட்டிலின் மேலிருந்த பொடி எழுத்துகளில் ‘தாமிரம்’ என்ற பொருள்படும் சொல்லைப் பார்த்துவிட்டோம். தாமிரம் இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்திற்கும் நஞ்சு. காலையில், "சித்தப்பா, தினம் மூன்று கட்டி போட்டோம்" என்று சொல்லி அழுதுவிட்டோம். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பாட்டிலை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

தொட்டியில் பாசி கண்டவுடன் அதைப் பகைவனாக எண்ணி மருந்தைத் தேடுவது தவறு என்பதே எங்கள் கருத்து. பாசி வெளியிலிருந்து படையெடுத்து வந்ததன்று. நாம் போடும் தீனியில் மீன் உண்டது போக மிஞ்சியது அழுகுகிறது; உண்டதும் கழிவாக வெளிவருகிறது. இரண்டும் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் நீரில் சேர்கின்றன. வயலுக்கு நாம் இடும் உரமும் இவைதானே? உரமும் இருந்து, விளக்கும் எரிந்தால் பயிர் விளையத்தான் செய்யும். எங்கள் பயிர் பாசி. அதை மருந்தால் ஒரே நாளில் கொன்றால், செத்த பாசி அழுகி நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும்; தான் உறிஞ்சி வைத்திருந்த உரத்தையும் நீரிலேயே திருப்பிக் கொட்டிவிடும். அடுத்த போகத்திற்கு நிலம் தயார்!

விளக்கை அணைத்துவிட்டால் என்ன என்று சித்தி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பவளத்தின் உடலுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசி குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு சமைத்து அதற்கு ஊட்டுகிறது என்பதை அறிந்தபோது நாங்கள் வியப்புற்றோம். பாசியைப் பட்டினி போட்டு நெடுநாள் இருளில் வைத்தால் பவளமும் பட்டினிதான். ஆகவே பத்து மணி நேர விளக்கை ஏழாகக் குறைத்ததோடு நிறுத்திக்கொண்டோம்.

மருந்தே ஆகாது என்று நாங்கள் வாதிடவில்லை. பிரையாப்சிஸ் என்ற இறகு போன்ற பிடிவாதக்காரப் பாசிக்கு, பூஞ்சைக்குத் தரும் ஃபுளூகோனசோல் மருந்தை இட்டுப் பலர் பலன் கண்டிருக்கிறார்கள். அதுபோல, நீரிலுள்ள சத்தையெல்லாம் ஒரேயடியாகத் துடைத்தெடுப்பதும் தீங்கே. பவளம் வெளிறிவிடும், பழுப்புச் சளி போன்ற வேறொரு தொல்லை தலைகாட்டும். ஆனால் எங்களைப் போல் கை நீண்டவர்களுக்கு முதல் மருந்து கையைச் சுருக்குவது அல்லவா?

அடுத்த இரண்டு வாரமும் வேலைதான். தீனி ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கட்டி. அதையும் உருக வைத்து, கழுவி, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் போட்டோம். பழைய பல்துலக்கியால் பாசியைத் தேய்த்தபடியே ரப்பர் குழாயால் உறிஞ்சி வெளியேற்றினோம். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினோம். வாளி தூக்கித் தூக்கித் தோள் வலித்தது. டர்போ நத்தைகள் ஆறு வாங்கி விட்டார் சித்தப்பா. அவை நகர்ந்த பாதையெல்லாம் பாறை வெளுத்துத் தெரிந்தது.

நத்தையா, இவ்வளவு சிறிய உயிரா என்று நகைக்க வேண்டாம். கரீபியன் கடலில் நீண்ட கருமுட்களைக் கொண்ட கடல் அர்ச்சின்கள் பாறைப் பாசியை மேய்ந்து வந்தன. 1983இல் பனாமா அருகே தொடங்கிய ஒரு கொள்ளைநோயில் ஓராண்டிற்குள் அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிந்தன. ஜமைக்காவில் பாசி தின்னும் மீன்களையும் மனிதர் ஏற்கெனவே அளவின்றிப் பிடித்துவிட்டனர். 1980இல் ஒரு பெரும்புயலும் அடித்திருந்தது. 1970களின் இறுதியில் பாதிக்கு மேல் பவளம் மூடியிருந்த அத்தீவின் பாறைகளில் 1990களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்துகூட மிஞ்சவில்லை. மற்ற இடமெல்லாம் பாசி.

பிடுங்கிய பாசியைத் தங்கை கழிவுநீர்க் குழாயில் கொட்டப் போனாள். சித்தப்பா தடுத்து, வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடச் சொன்னார். மத்தியதரைக் கடலில் 1984இல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்தின் அருகே முதன்முதலில் காணப்பட்ட கௌலெர்ப்பா என்னும் தொட்டிப் பாசி பல நாடுகளின் கரைவரை பரவிய கதையைச் சொன்னார். அதே பாசி 2000இல் கலிபோர்னியாவில் தலைகாட்டியபோது, தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தி, ஆறு ஆண்டுகள் பாடுபட்டு ஒழித்தார்களாம். அன்றிலிருந்து தங்கை ஒரு நூலைக்கூடச் சிந்தவிடவில்லை.

நாங்கள் ஊர் திரும்பும்போது பாசி முழுவதும் போயிருக்கவில்லை. ஆகஸ்டில் சித்தி தொலைபேசியில் பேசினார். பாறைகள் சுத்தமாகிவிட்டன, பவளங்கள் விரிகின்றன, இடப்பக்க மூலையில் இருந்த பச்சைக் கொத்து மட்டும் பிழைக்கவில்லை. மீன்கள் எப்படி என்று கேட்டோம். "இப்பவும் கண்ணாடிகிட்ட வந்து வாயைத் திறக்குது. உங்க சித்தப்பா பார்க்காத மாதிரி போறார்" என்றார்.