உடலுக்கும் வேண்டும் குடிமராமத்து

நுழையும்முன்

நாற்பது வயதைக் கடந்தோர் உடற்பயிற்சியை ஆர்வத்துடன் தொடங்குவதும், சில வாரங்களில் அதனைக் கைவிடுவதும் நாம் அடிக்கடி காணும் காட்சி. தொடங்கிய ஊக்கம் ஏன் நிலைப்பதில்லை? அதனை நிலைக்கச் செய்வது எது? காட்டுமன்னார்கோயிலின் ஏரிக்கரையில் நின்று இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

வீராணம் உணர்த்தும் பாடம்

கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியில் அமைந்த காட்டுமன்னார்கோயில், வீரநாராயணபுரம் என்னும் பழம்பெயர் கொண்டது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் (907–955) உருவான வீரநாராயணன் ஏரியே இன்று வீராணம் எனப்படுகிறது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக வரும் நீரைத் தேக்கி, சுற்றியுள்ள வயல்களுக்கு அளித்துவரும் இவ்வேரி, 2004ஆம் ஆண்டு முதல் சென்னை மக்களின் தாகத்தையும் தணித்து வருகிறது. கரைமீது நடந்தால் ஒருபுறம் நீரும் மறுபுறம் வயலும் கண்ணை நிறைக்கும்.

ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் ஓர் ஏரி பயன்தருவது எவ்வாறு? அதனை வெட்டியவர்களின் பேரூக்கம் மட்டும் அதற்குக் காரணமன்று. ஆற்றுநீர் தன்னுடன் வண்டலையும் கொண்டுவருகிறது. வண்டல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் படிகிறது. ஓராண்டில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. பல ஆண்டுகள் கழிந்தபின் ஏரியின் கொள்ளளவு குறைந்திருப்பது தெரியவரும். எனவேதான், ஏரி குளங்களால் பயன்பெறும் மக்களே ஒன்றுகூடித் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, வாய்க்கால்களைச் சீர்செய்யும் குடிமராமத்து என்னும் முறையை நம் முன்னோர் பின்பற்றினர். வெட்டுவது ஒருமுறை, பேணுவது ஒவ்வோர் ஆண்டும்.

நடுவயதினரின் உடலும் இத்தகையதே. ஒரே நாளில் எவர் உடலும் பருத்துவிடுவதில்லை. ஆகவே, ஒரே மாதத்தில் அதனைச் சரிசெய்துவிட முனைவோர் சோர்ந்து போவதில் வியப்பில்லை.

நடுவயதில் நிகழ்வது என்ன?

முப்பது வயதிற்குப் பின் மனித உடலில் தசையின் அளவு மெல்லக் குறையத் தொடங்குகிறது. உடலியக்கம் இல்லாதோரிடம் இக்குறைவு மேலும் விரைவாக நிகழ்கிறது. தசை குறையும்போது உடல் செலவிடும் ஆற்றலும் குறைகிறது. உண்ணும் அளவோ மாறுவதில்லை. எஞ்சும் ஆற்றல் கொழுப்பாகி இடுப்பைச் சுற்றிப் படிகிறது.

காவிரிப் படுகையின் வாழ்வில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. நாற்று நடவும் அறுவடையும் மனிதக் கைகளால் நடந்த காலத்தில், ஒருவர் உண்ட சோறு அன்று மாலைக்குள் உழைப்பாக மாறியது. இன்று நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. கடைத்தெருவிற்குச் செல்லவும் இருசக்கர வண்டி வேண்டியிருக்கிறது. உழைப்பு நீங்கியது, உழைத்த காலத்து உணவளவு மட்டும் நீங்கவில்லை.

இதன் விளைவு சிறிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. வயிற்றுப் பகுதிப் பருமன் ஏறத்தாழ ஐந்து பேரில் இருவருக்கு இருப்பதையும் அது காட்டியது. நடுவயதில் ஒருவர் நோயுற்றால் அவர் மட்டும் துன்புறுவதில்லை. பிள்ளைகளின் கல்வியும் முதிய பெற்றோரின் பாதுகாப்பும் அவருடைய உடலையே நம்பியிருக்கின்றன.

எடைக்கருவி சொல்லாத உண்மை

நடைப்பயிற்சியைத் தொடங்கும் பெரும்பாலோர் எடைக்கருவியையே தம் நடுவராகக் கொள்கின்றனர். இரண்டு வாரம் நடந்தபின் அதன்மீது ஏறி நிற்கின்றனர். முள் அசையாததைக் கண்டதும் நடந்ததெல்லாம் வீண் என்று முடிவு செய்கின்றனர். இம்முடிவு தவறானது என்பதற்குச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வே சான்று பகர்கிறது.

மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடத்தப்பட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 46. அவர்களுள் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில், மூன்றாண்டுக் காலத்தில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோய்க்கு ஆளாயினர். உணவை நெறிப்படுத்தி, நாள்தோறும் முப்பது நிமிடமேனும் விரைந்து நடக்குமாறு தொடர்ந்து வழிகாட்டப்பட்ட பிரிவிலோ அது நூற்றுக்கு 39 ஆகக் குறைந்தது. இதில் வியப்பு யாதெனில், அப்பிரிவினரின் உடல் எடையில் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படவில்லை என்பதே. எடை குறையாத நிலையிலும் நோய் தடுக்கப்பட்டது.

நடக்கும் கால்களின் தசைகள் குருதியில் உள்ள சர்க்கரையை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன, இன்சுலினின் செயல்திறன் கூடுகிறது, இதயம் வலுப்பெறுகிறது. இவற்றுள் எதனையும் எடைக்கருவி காட்டுவதில்லை. எனவே, நடுவயதினர் எண்ண வேண்டியது குறைந்த கிலோவை அன்று, நடந்த நாள்களை. எடை நம் கட்டுப்பாட்டில் முழுமையாக இல்லை. இன்று நடப்பதோ நம் கையில் இருக்கிறது.

ஊக்கம் மட்டும் போதுமா?

உடற்பயிற்சியைக் கைவிட்டவரை நோக்கி, ‘மனவுறுதி இல்லாதவர்’ எனக் குறைகூறுவது எளிது. அக்கூற்றை என்னால் ஏற்க இயலவில்லை. குடும்பத்திற்காக இருபது ஆண்டுகள் இடைவிடாது உழைத்தவரிடம் மனவுறுதி இல்லை என்பது எவ்வாறு பொருந்தும்? அவரிடம் இல்லாதது உறுதியன்று. அவ்வுறுதியைத் தாங்கி நிற்கும் முறைமையே.

திருக்குறளின் அதிகார வரிசை இங்கு நினைக்கத்தக்கது. ஊக்கமுடைமை என்னும் அறுபதாம் அதிகாரத்துடன் வள்ளுவர் நின்றுவிடவில்லை. அதனைத் தொடர்ந்து மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகியவற்றை வைத்தார். ஊக்கம் தொடங்கி வைக்கும். சோம்பலை விலக்கி, முயற்சியைத் தொடர்ந்து, இடையூற்றிலும் தளராதிருந்தால்தான் செயல் முற்றுப்பெறும் என்பதை அவ்வரிசையே உணர்த்துகிறது எனலாம்.

காட்டுமன்னார்கோயிலில் பிறந்த நாதமுனிகளின் வரலாறும் இதனையே கூறுகிறது. ஆழ்வார்களின் பாசுரங்களைத் தேடிச் சென்ற அவர், மதுரகவியாழ்வாரின் பதினொரு பாசுரங்களைப் பன்னீராயிரம் முறை ஓதி, நாலாயிரம் பாசுரங்களையும் பெற்றார் என்பது வைணவ மரபு. முதல் நூறு முறை ஓதுவதற்கு ஊக்கம் போதும். பன்னீராயிரம் முறை ஓதுவதற்கு இடமும் நேரமும் ஒழுங்கும் வேண்டும். இன்று மனம் விரும்புகிறதா என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருப்பவர் அத்தொலைவைக் கடக்க இயலாது. பல் துலக்குவதற்கு முன் எவரும் தம் மனத்தின் விருப்பத்தைக் கேட்பதில்லை. நடைப்பயிற்சியும் அவ்வாறு வழக்கமாகிவிட வேண்டும்.

அவ்வழக்கத்தை உருவாக்கும் வழிகள் எளியவை. பயிற்சிக்குரிய நேரத்தை மாற்றாதிருத்தல் ஒன்று. முதல் வாரத்தில் பத்து நிமிடமே நடந்து, பின்னர்ச் சிறிது சிறிதாகக் கூட்டுதல் மற்றொன்று. மழையாலோ திருமணத்தாலோ ஒருநாள் தவறினால், மறுநாள் தவறாதிருத்தல் மூன்றாவது. உடைந்த கரையை உடனே அடைப்பவரே ஏரியைக் காப்பவர். உடைப்பு நேர்ந்ததே என்று ஏரியைக் கைவிடுபவர் அல்லர்.

வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலியக்கமும், இரு நாள்களேனும் தசைகளை வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என 2020இல் உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தியது. நாற்காலியைக் கையால் பற்றாது எழுந்து அமர்தல், படியேறுதல் போன்றவை செலவில்லாத தசைப் பயிற்சிகளாகும். இதயநோய், மூட்டுநோய் உள்ளோர் மருத்துவரின் அறிவுரையைப் பெற்றுத் தொடங்குதல் நன்று.

உழைப்பவருக்கும் பயிற்சி வேண்டுமா?

நாள் முழுதும் வெயிலில் களையெடுப்பவரிடம் நடைப்பயிற்சி செய்யுமாறு கூறுவது நியாயமா என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. மேற்கூறிய சென்னை ஆய்விலும், உடலுழைப்பில் ஈடுபட்டிருந்தோர் தம் வழக்கத்தைத் தொடருமாறு மட்டுமே கூறப்பட்டனர். உழைப்பவருக்கு வேண்டியது போதிய உணவும் ஓய்வும் ஆகும். பயிற்சி குறித்த அறிவுரை அமர்ந்தே பணிபுரிவோருக்கு உரியது.

இவ்விரு பிரிவுக்கும் இடையில் நிற்பவர்கள் பெண்கள். விடியலில் அடுக்களைக்குள் நுழைந்து இரவில் வெளியே வரும் பெண்ணிடம், ‘வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே’ என்கிறோம். ஓய்வின்றி நிற்பது உடலைக் களைப்படையச் செய்யும். விரைந்து நடப்பதால் இதயம் பெறும் வலிமையை அது முழுமையாகத் தருவதில்லை. அவருக்கு இல்லாதது ஊக்கமன்று, நேரம். அந்த அரைமணி நேரத்தை அவர் தாமே உண்டாக்கிக்கொள்ள இயலாது. வீட்டிலுள்ள பிறர் வேலையைப் பகிர்ந்துகொண்டால்தான் அது கிட்டும்.

குடிகளின் கடமை

குடிமராமத்து என்னும் சொல்லில் குடி என்பதே முதலில் நிற்கிறது. ஒருவர் தனியாக ஏரியைத் தூர்வார முடியாது. உடலைப் பேணுவதற்கும் துணை வேண்டும். நீரிழிவின் வாயிலில் நின்ற 537 ஆண்களிடம் மருத்துவர் இராமச்சந்திரனும் குழுவினரும் நடத்திய மற்றோர் ஆய்வு 2013இல் வெளியானது. உணவையும் நடையையும் நினைவூட்டிக் கைப்பேசியில் தொடர்ந்து குறுஞ்செய்தி பெற்றவர்களுள் நூற்றுக்கு 18 பேரும், பெறாதவர்களுள் 27 பேரும் ஈராண்டில் நீரிழிவு நோய்க்கு ஆளாயினர். ஒரு சிறு நினைவூட்டலே இத்துணை வேறுபாட்டை உண்டாக்குமெனில், உடன் நடக்கும் ஒருவர் எவ்வளவு துணையாவார்!

இடமும் வேண்டும். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையை அடையாளப்படுத்தியது. மாவட்டத் தலைநகரங்களைப் போலவே சிற்றூர்களுக்கும் இத்தகைய பாதைகள் தேவை. வண்டிகளுக்கு அஞ்சாமல் நடக்கும் ஓரமும், பெண்கள் தயங்காமல் நடப்பதற்கு ஒளிதரும் விளக்குகளும் ஊராட்சிகளின் கடமைகளுள் அடங்க வேண்டும்.

மேல்நிலை வகுப்பு மாணவர்க்கு நடுவயதைப் பற்றிய இக்கட்டுரை எதற்கு என்று நீங்கள் எண்ணக்கூடும். உங்கள் தாயும் தந்தையும் இன்று அவ்வயதில் இருக்கின்றனர். உடல் பருமன் குறித்த கேலி அவர்களை நடக்கச் செய்யாது. அறிவுரையும் சில நாள்களே பயன்தரும். இன்று மாலை அம்மாவின் வேலைகளுள் ஒன்றை நீங்கள் செய்து முடித்து, அவரை வெளியே அழைத்துச் செல்லுங்கள். அப்பாவுடன் தெருமுனை வரையேனும் நடந்து வாருங்கள். நாளையும் அதே நேரத்தில் செருப்பை அணிந்துகொண்டு வாசலில் காத்திருங்கள். அவர்களது உடலின் குடிமராமத்தில் முதல் கூடை மண்ணை எடுப்பவர் நீங்களாக இருக்கட்டும்.