எல்லை மலைகளில் வறுமை ஒழியவில்லை

2025 நவம்பர் 1, கேரளம் உருவான நாள். தீவிர வறுமை இல்லாத மாநிலம் கேரளம் என்று முதலமைச்சர் பினராயி விஜயன் அன்று அறிவித்தார். இந்தியாவில் முதலிடம், உலகில் சீனாவுக்கு அடுத்த இடம் என்று பேச்சு எழுந்தது. 2030க்குள் கடும் வறுமையை ஒழிப்பதாக உலக நாடுகள் ஐ.நா.வில் ஏற்ற இலக்கை, ஐந்தாண்டு முன்னதாகவே ஒரு சிறு மாநிலம் தொட்டுவிட்டது என்று தமிழ்நாட்டிலும் பலர் மெச்சுகிறார்கள்.

கேரளத்தின் சாதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் கண்ட இடங்கள் என்று 1985இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் அறிக்கை சீனா, இலங்கை, கோஸ்டா ரிக்காவோடு கேரளத்தையும் உலகுக்குக் காட்டியது. அது தலைமுறைகள் உழைத்துச் சேர்த்த பெயர். ஆனால் தமிழ்நாட்டை ஒட்டிய அட்டப்பாடியிலும் இடுக்கியின் தேயிலை மலைகளிலும் இந்த அறிவிப்பு செல்லாது. அதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்கள் இந்த மலைகளில் ஏறியதும் நின்றுவிடுகின்றன.

முதல் வாதம், பட்டியல். 2021இல் தொடங்கி வார்டு வார்டாகத் தேடி 64,006 குடும்பங்களைக் கண்டார்கள். உணவு, வருமானம், உடல்நலம், வீடு என்று நான்கையும் பார்த்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் திட்டம் போட்டு நிறைவேற்றினார்கள். நல்ல வேலைதான். ஆனால் அந்தத் தேடல் எந்த அரசுத் திட்டத்திலும் சேராமல் விடுபட்டவர்களைக் கண்டெடுத்துச் சேர்ப்பதற்காக நடந்தது. விடுபட்டவர்களைச் சேர்த்து முடித்தோம் என்று அறிவித்திருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். பரம ஏழைகளுக்கென்று கொடுக்கும் மஞ்சள் ரேஷன் அட்டை அதே கேரளத்தில் 5.9 லட்சம் குடும்பங்களிடம் இருக்கிறது. அவர்கள் எல்லோரும் எப்போது கரையேறினார்கள் என்று பொருளியல் அறிஞர்கள் வெளிப்படையாகவே கேட்டார்கள். அட்டை இருப்பவர் தீவிர ஏழை இல்லை என்பது அட்டையின் கணக்கு. அடுப்பின் கணக்கு வேறு.

குழந்தை இறப்பு எண்ணையும் காட்டுகிறார்கள். ஆயிரம் பிறப்புக்கு 5 என்கிறது 2023ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவு முறை. இந்திய சராசரி 25. அமெரிக்காவே இதற்குப் பின்னால்தான். சராசரியின் இயல்பை இங்கே நினைவில் வைக்க வேண்டும். கேரளத்தில் பழங்குடியினர் ஒன்றரை சதவீதம். அவர்களிடையே குழந்தை இறப்பு இரட்டிப்பானாலும் மாநிலத்தின் எண் அசையாது. 2013இல் அட்டப்பாடியில் பிஞ்சுகள் அடுத்தடுத்து இறந்தபோதும் கேரளம் நாட்டுக்கே முன்மாதிரியாகத்தான் பேசப்பட்டது.

அந்த இறப்புகளுக்கு அன்று சொன்ன விளக்கம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. "அரிசி கொடுக்கிறோம், சத்து மாவு கொடுக்கிறோம், அவர்கள் சாப்பிடுவதில்லை. ஜப்பான் பணம் வந்தது, பெண்கள் குழுக்களின் குடும்பஸ்ரீ வந்தது, இன்னும் என்ன செய்வது?" என்கிறார்கள். என்னைப் பெரிதும் வருத்துவது இந்த வாதம்தான். பட்டினி கிடந்தவர் மேலேயே பழியைப் போடுகிறது இது.

அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் இல்லை. ராகியும் சாமையும் தினையும் துவரையும் ஒரே கொத்துக்காட்டில் கலந்து விதைத்து, காட்டுக் கீரையும் கிழங்கும் சேர்த்து உண்டவர்கள். 1951இல் அங்கே பத்தில் ஒன்பது பேர் ஆதிவாசிகள். 2001இல் பத்தில் நான்கு பேர். குடியேற்றம் பெருகப் பெருக நிலம் கைமாறியது, விதைப்பு நின்றது, தட்டில் ரேஷன் அரிசி மட்டும் மிஞ்சியது. ரத்தசோகையோடு கருவுறும் தாய் எடை குறைந்த பிள்ளையைப் பெறுகிறாள். அரிவாள் செல் நோய் உள்ள குடும்பங்களில் பாடு இன்னும் கடினம்.

பறிபோன நிலத்தைத் திருப்பித் தரச் சட்டமே இருந்தது. 1975இல் கேரளச் சட்டமன்றம் இயற்றியது. கால் நூற்றாண்டு அதைச் செயல்படுத்தாமல் வைத்திருந்து, 1999இல் வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். இரண்டு ஹெக்டேர் வரை வாங்கியவர் நிலத்தை வைத்துக்கொள்ளலாம், ஆதிவாசிக்கு வேறெங்காவது மாற்று நிலம் என்றது அது. 2009இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. இடையில் 1996 முதல் ஜப்பான் கடனில் பெரிய மலை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. மொட்டை மலைகளில் மரம் வைத்தார்கள், தடுப்பணை கட்டினார்கள், பசுமை திரும்பியது. கைவிட்டுப் போன வயல் திரும்பவில்லை. அந்தத் திட்டம் ஓய்ந்த சில ஆண்டுகளுக்குள்தான் 2013 வந்தது. அதன் பிறகு ஊர்களில் சமூக அடுக்களைகள் திறந்தார்கள்; சிறுதானியத்தை மீட்கவும் ஒரு திட்டம் வந்தது. இரண்டும் தேவையானவை. விதைக்கச் சொந்தத்தில் ஒரு காணி இல்லாதவருக்குச் சிறுதானிய விதையால் என்ன பயன்? 2018 பிப்ரவரியில் அரிசி திருடினார் என்று சொல்லி, மனநிலை பாதித்த ஆதிவாசி இளைஞர் ஒருவரைக் கும்பல் அடித்துக் கொன்றது இதே அட்டப்பாடியில்தான். 2023இல் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம்.

ஆஸ்பத்திரி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, கோட்டத்தறையில். சிக்கலான பிரசவம் என்றால் அங்கிருந்து 'ரெஃபர்' செய்வார்கள். கொண்டையூசி வளைவுகளில் மண்ணார்க்காட்டுக்கு இறங்கி, திருச்சூர் மருத்துவக் கல்லூரி போய்ச் சேர நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனைக்கட்டி வழியாகக் கோவை அதில் பாதித் தூரம்கூட இல்லை. ஆனால் அது வேறு மாநிலம். புதூர் பக்கத்து உள் ஊர்களுக்கு ஜீப்பும் ஏறாது. 2022 டிசம்பரில் கடுகுமண்ணை ஊரிலிருந்து பிரசவ வலி கண்ட பெண்ணை உறவினர்கள் துணிமஞ்சலில் கிடத்தித் தோளில் சுமந்து வந்தார்கள். இடுக்கியில் முதுவர்களின் இடமலக்குடி 2010இலேயே தனிப் பழங்குடிப் பஞ்சாயத்து ஆனது. அங்கிருந்தும் நோயாளிகள் இப்படித்தான் காட்டு வழியில் இறங்கியிருக்கிறார்கள்.

தோட்டத் தொழிலாளிக்கு மாதம் தவறாமல் வேலை, வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் உண்டே, அவர் எப்படி ஏழை ஆவார் என்பது கடைசி வாதம். திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமைகளிலிருந்து போன தமிழர்கள் நான்கைந்து தலைமுறையாக மூணாற்றில் கொழுந்து எடுக்கிறார்கள். 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்று அந்தப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தபோது அவர்களின் நாள் கூலி 232 ரூபாய். கேரளத்தில் கட்டட வேலைக்குப் போகும் ஒருவர் அதைப் போலப் பல மடங்கு வாங்கிக்கொண்டிருந்த காலம். 20 சதவீத போனஸ் கிடைத்தது. 500 ரூபாய் கூலி கேட்டவர்களுக்கு 301 ரூபாய் கிடைத்தது.

வீடு என்று சொல்வது லயத்தை. வெள்ளைக்காரன் காலத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை. ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு திண்ணை. மகனுக்குக் கல்யாணம் ஆனால் அதே அறைக்குள் சேலை கட்டி மறைப்பார்கள். இதுவும் வேலை இருக்கும்வரைதான். சர்வீஸ் முடிந்த அன்று லயத்தைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். அதனால் வீட்டில் ஒரு பிள்ளையாவது எஸ்டேட்டில் பேர் பதிந்தாக வேண்டும். படித்த பெண்ணும் கூடையைக் கட்டுகிறாள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள். பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறுவேலியில் அரசு தந்த ஐந்து சென்ட் நிலமும் அதில் ஒரு வீடும் கிடைத்தன. நூறாண்டு உழைப்பு வாங்கித் தராத ஐந்து சென்ட்டைச் சாவு வாங்கித் தந்தது.

இவர்களில் தலித் குடும்பங்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. 1950க்கு முன்பே முன்னோர் கேரளத்தில் குடியிருந்ததற்குச் சான்று காட்டாவிட்டால் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது. கங்காணியின் பேச்சை நம்பி மலையேறிய கொள்ளுத்தாத்தாவுக்கு எந்த ஆபீசில் காகிதம் இருக்கும்? சான்றிதழ் இல்லாததால் பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை, இட ஒதுக்கீடு இல்லை, நிலத் திட்டத்தில் இடமும் இல்லை. கூலி வருகிறது, ரேஷன் அட்டை இருக்கிறது, தலைக்கு மேல் கூரையும் இருக்கிறது. ஆகவே தீவிர வறுமையைத் தேடி வார்டு வார்டாக வந்த கணக்கெடுப்பில் இவர்களைப் போன்றவர்கள் சிக்கவே மாட்டார்கள்.