இரவு 10.40க்கு வரும் கூட்ட அறிவித்தல்



இதை எழுதினால் நாளைக்கு ஸ்டாஃப் ரூமில் சிலர் முகத்தைத் திருப்புவார்கள். பரவாயில்லை.

போன தவணையில் ஒரு நாள் இரவு 10.40க்கு ஆசிரியர் வட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ்: "நாளை பாடசாலை விட்டதும் கூட்டம். அனைவரும் கட்டாயம்." எதற்குக் கூட்டம், எத்தனை மணிக்கு முடியும், ஒன்றும் இல்லை. கைக்குழந்தையோடு ஒன்பது மணிக்கே தூங்கிப்போன டீச்சர் ஒருவர் அதைக் காணவில்லை. காலையில் யாரும் சொல்லவும் இல்லை. எல்லாருக்கும் தெரியும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். 1.30க்கு அவர் வழமைபோல பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். மறுநாள் அத்தனை பேருக்கும் முன்னால் ஏச்சு. "குரூப்பில போட்டதுதானே, போன் பார்க்கிறதில்லையா?"

அந்தக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேசியது என்ன தெரியுமா? விளையாட்டுப் போட்டிக்கு இல்லப் பொறுப்பாசிரியர்கள் யார் என்பது. ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கலாம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளை மூடியபோது வட்ஸ்அப்பிலேயே பாடம் அனுப்பினோம், இரவு பகல் பார்க்கவில்லை. அப்போது வேறு வழியும் இல்லை. கொரோனா போய்விட்டது, அந்தப் பழக்கம் போகவில்லை.

சூரத்துன் நூரின் 58ஆம் வசனத்தைப் பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுக்கிறோம். ஸுப்ஹுக்கு முன், நடுப்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின்: இந்த மூன்று நேரமும் வீட்டுச் சிறுபிள்ளைகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பெற்ற பிள்ளைக்கே அந்த ஒழுங்கு என்றால், இஷாவுக்குப் பின் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் போனுக்குள் ஒரு சலாம்கூட இல்லாமல் நுழையலாமா? மூன்று முறை அனுமதி கேட்டுக் கிடைக்காவிட்டால் திரும்பிப் போவதுதான் நபிவழி. எங்கள் குரூப்பில் புளூ டிக் விழுந்து ஐந்து நிமிடத்தில் கேள்விக்குறி வருகிறது.

"ஆசிரியத் தொழில் அர்ப்பணிப்பு, நேரம் பார்க்கக் கூடாது" என்பார்கள். இரவிரவாக விடைத்தாள் திருத்துவதற்கு யார் முறைப்பட்டோம்? பிரான்சில் 2017இலும் அவுஸ்திரேலியாவில் 2024இலும், வேலை நேரத்துக்குப் பின் மெசேஜுக்குப் பதில் போடாமல் இருக்கும் உரிமையைச் சட்டத்திலேயே கொண்டுவந்தார்கள். நான் அந்தளவுக்குக் கேட்கவில்லை.

கூட்டம் என்றால் இரண்டு நாளைக்கு முன், பாடசாலை நேரத்தில், அறிவித்தல் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். முன்பு அப்படித்தானே இருந்தது. காரணமும் முடியும் நேரமும் அதில் இருக்கட்டும். தூர இருந்து வருகிறவர் பஸ்ஸைப் பார்த்துக்கொள்வார், பிள்ளையைப் பார்க்க உம்மாவிடம் சொல்லி வைப்பார். உண்மையிலேயே அவசரம் என்றால் கோல் எடுங்கள். மௌத்துச் செய்தியும் இல்லப் பட்டியலும் ஒரே சத்தத்தோடு வந்தால் எதற்கு எழும்புவது?

ஒன்றையும் மறைக்கவில்லை. என் வகுப்புப் பெற்றோர் குரூப்பில் நானும் இரவு பத்து மணிக்கு "நாளைக்கு மாபிள் பேப்பர் கொண்டு வரவும்" என்று போட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? பெற்றோர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள். இனி மஃரிபுக்குப் பிறகு என்னிடமிருந்து அப்படி ஏதும் வந்தால், இந்தப் பதிவை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து அங்கேயே போடுங்கள்.