ஜாப் முடிந்தது, வேலை முடிந்ததா?

(இறுதியாண்டு, கணிப்பொறிப் பிரிவு. ஊர்: பேரையூர்)



நம் ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு எக்ஸ்பெரிமென்ட் கடைசியிலும் ஒரு வரி எழுதுகிறோமே, "மேற்கண்ட புரோகிராம் வெற்றிகரமாக இயக்கப்பட்டு, அவுட்புட் சரிபார்க்கப்பட்டது" என்று. புரோகிராம் ஓடியது என்பது ஒரு சேதி. அவுட்புட் சரியாக இருக்கிறது என்பது வேறு சேதி. இரண்டையும் ஒரே மூச்சில் எழுதி, சாரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுகிறோம். லேபில் இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. வெளியில் அப்படி இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வங்கி, இன்சூரன்ஸ், பெரிய கம்பெனி, அரசு அலுவலகம் ஆகியவற்றின் கம்ப்யூட்டர்களில் முக்கியமான பல வேலைகள் நாம் தூங்கும்போதுதான் நடக்கின்றன. வட்டி கணக்கிடுவது, சம்பளம் போடுவது, பில் தயாரிப்பது எல்லாவற்றையும் ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டுவதில்லை. மொத்தமாகக் கட்டி வரிசையில் விட்டுவிடுகிறார்கள். இதுதான் பேட்ச் ஜாப். எதிரில் ஆள் இல்லாத வேலை என்பதால், என்ன நடந்தது என்று அது சொல்வதற்கு இருக்கும் ஒரே வாய் லாக்.

நம் பக்கத்து ஆட்களுக்கு லாக் என்றால் என்ன என்று விளக்க மொய் நோட்டு போதும். யார், எந்த ஊர், எவ்வளவு என்று வரிசையாக எழுதி, கடைசியில் நோட்டின் கூட்டுத்தொகையும் பையில் இருக்கும் பணமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். அது டேலி ஆகாமல் உசிலம்பட்டிப் பக்கம் யாராவது பந்தலைப் பிரிப்பார்களா?

சென்னையில் நைட் ஷிஃப்ட் சப்போர்ட் வேலை பார்க்கும் என் சீனியர் ஒருவர் லீவுக்கு வந்தபோது ஏ.எஸ்.400 பற்றிச் சொன்னார். ஐ.பி.எம். கம்பெனி 1988 ஜூன் 21 அன்று அறிமுகப்படுத்திய வியாபாரக் கம்ப்யூட்டர் அது. அதன் வாரிசு இன்றைக்கும் 'ஐ.பி.எம். ஐ' என்ற பெயரில் ஓடுகிறது. அதில் டி.எஸ்.பி.லாக் என்று கமாண்டு கொடுத்தால் சிஸ்டத்தின் வரலாற்று லாக் திரையில் வரும். ஜாப் தொடங்கினால் சி.பி.எஃப்.1124 என்று ஒரு சேதி. முடிந்தால் சி.பி.எஃப்.1164. இரண்டாவது சேதியில் முடிந்த நேரம், எத்தனை செகண்ட் பிராசசர் எடுத்தது, கடைசியாக என்ட் கோட் எல்லாம் இருக்கும். 0 என்றால் சாதாரணமாக முடிந்தது. 30 என்றால் கோளாறாக முடிந்தது. 70 என்றால் ஜாப் ஓடும்போதே சிஸ்டம் படுத்துவிட்டது. 1124 இருக்கிறது, 1164 இல்லை என்றால் இன்னும் ஓடுகிறது, அல்லது எங்கேயோ தொங்குகிறது. 1124-ஏ இல்லை என்றால் ஜாப் தொடங்கவே இல்லை. இந்தக் கடைசி வகைதான் ஆபத்து. ஓடாத ஜாப் எரர் கொடுக்காது! இன்றைக்கு எதெல்லாம் ஓடியிருக்க வேண்டும் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அது அகப்படும்.

"சரி, 0 வந்தால் நிம்மதிதானே?" என்று கேட்டேன். சீனியர் சிரித்தார். எழுதியவர் சோம்பேறியாக இருந்து, எந்த எரர் வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று மான்மெசேஜ் சி.பி.எஃப்.0000 என ஒரு வரி போட்டிருந்தால், புரோகிராம் பிழைகளை விழுங்கிவிட்டு 0 என்று முடியுமாம். இன்னொன்றும் சொன்னார். ஜாபின் லாக் அமைப்பு 'நோலிஸ்ட்' என்று இருந்தால், என்ட் கோட் 20-க்குக் கீழே முடிந்த ஜாபுக்கு விவரமான ஜாப் லாக் அச்சாகவே செய்யாது. அதாவது, நன்றாக முடிந்தேன் என்று மெஷின் தானே சொல்லிக்கொண்டால், அதற்குச் சாட்சியும் இல்லாமல் போகும். இடத்தை மிச்சப்படுத்த வைத்த ஏற்பாடுதான். ஆனால் பத்தாயிரம் பேருக்குப் பணம் போட்டு நாற்பது பேருக்குத் திரும்பிவிட்டால் அதுவும் 'நார்மல்' கணக்கில்தான் போகும். அந்த நாற்பதை எண்ணித் தனியே எழுதும்படி யாராவது புரோகிராமில் சொல்லியிருக்க வேண்டும். எழுதியதை யாராவது படிக்கவும் வேண்டும்.

ஜாப் வரிசையே குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 ஜூனில் பிரிட்டனில் நடந்தது உதாரணம். ஆர்.பி.எஸ்., நாட்வெஸ்ட், அல்ஸ்டர் பேங்க் மூன்றுக்கும் ராத்திரி ஜாப்களை வரிசைப்படுத்தும் சாஃப்ட்வேரைப் புதுப்பித்தார்கள். சிக்கல் வந்ததும் அதை நீக்கினார்கள். நீக்கினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கவில்லை. ஜாப்கள் தேங்கின. 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அல்ஸ்டர் பேங்கில் ஜூலை 10 வரை சரியாகவில்லை. 2014 நவம்பரில் விதிக்கப்பட்ட அபராதம் 5 கோடியே 60 லட்சம் பவுண்டு. அது பெரிய விபத்து, உலகம் முழுக்கப் பேப்பரில் வந்தது. ஆறு நாள் கூலி வராதது எந்தப் பேப்பரிலும் வராது.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலியும் பேட்ச்தான். ஊராட்சியில் மஸ்டர் ரோல் முடிந்து, கூலிப் பட்டியல் போட்டு, நிதி மாற்று ஆணையாக மொத்தமாக அனுப்புவார்கள். 2024 ஜனவரி 1 முதல் அந்தக் கூலியை ஆதார் வழியாகப் போடுவது கட்டாயமாக்கப்பட்டது. அந்த முறையில் நாம் கொடுத்த அக்கவுண்ட் நம்பர் பேசாது. ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் பணம் போகும்.

அந்த வருஷம் எங்க அம்மாவுக்கு ஆறு நாள் கூலி வரவில்லை. ஊராட்சியில் கேட்டால் "ஏறிருச்சும்மா" என்றார்கள். வங்கிக் கவுன்டரில் "இன்னும் வரலம்மா" என்றார்கள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி அலைந்து வந்த அம்மா, "ரெண்டு பேருல யாரு பொய் சொல்றாகன்னு நீயாச்சும் பாருடா" என்றது. எங்க வீட்டில் பத்தாவது தாண்டியது நான் ஒருத்தன்தான். நான் பார்க்காமல் யார் பார்ப்பது?

பார்த்ததில் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. திட்டத்தின் இணையதளத்தில் ஆணை எண்ணைப் போட்டால் பணம் வரவு என்று இருந்தது. ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் வேறொரு வங்கியின் பெயர். பல வருஷம் முன்பு ஒரு முகாமில் அக்கவுண்ட் ஆரம்பித்து, அம்மாவே மறந்துபோன வங்கி அது. கூலி அங்கே பத்திரமாக உட்கார்ந்திருந்தது. மெஷின் கணக்கில் ஜாப் நார்மல், அம்மா கணக்கில் கூலி இல்லை.

எங்க அத்தைக்கு வந்தது இதைவிட மோசம். அவர் பெயருக்கு எதிரே 'இன்ஆக்டிவ் ஆதார்' என்று இருந்தது. யாரோ "கார்டு செத்துப்போச்சு" என்று சொல்ல, அத்தை ஆதார் மையத்துக்கு இரண்டு தடவை அலைந்தார். கார்டில் ஒரு குறையும் கிடையாது. அந்த வார்த்தைக்கு அர்த்தம், பணப் பட்டுவாடா செய்யும் மையத்தின் பட்டியலில் அவர் ஆதார் எந்த வங்கியோடும் உயிரோடு இணைந்திருக்கவில்லை என்பது. வங்கியில் ஒரு படிவம் கொடுத்தால் தீர்கிற விஷயம். ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை, அதுவும் தப்பான திசையைக் காட்டுகிற வார்த்தை! அதை எழுதிய புரோகிராமர் அத்தை மாதிரி ஒருவரை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

அங்கே ஓடுவது ஏ.எஸ்.400 என்று நான் சொல்லவில்லை. மெஷின் எதுவானாலும் கதை இதுதான். மொத்தம் எத்தனை, போனது எத்தனை, திரும்பியது எத்தனை, திரும்பியவை எதற்காக என்ற நாலு கேள்விக்கும் லாக் பதில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதில் சம்பந்தப்பட்ட ஆளுக்குத் தமிழில் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் ஜாப் முடியவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

நம் கிளாஸில் இதைப் பேசினால், "லாக் பார்க்கிறதெல்லாம் ஒரு வேலையாடா, டெவலப்பர் ஆகணும்டா" என்கிறார்கள். இன்னும் சிலர், எல்லாம் ஆட்டோமேட்டிக், கோளாறு என்றால் அலர்ட் வந்துவிடும் என்கிறார்கள். அலர்ட் வரும்தான். ஆனால் முன்கூட்டியே ஒருவர் யோசித்து வைத்த கோளாறுக்கு மட்டும் வரும். அம்மாவின் கூலிக்கு எந்த அலர்ட் அடித்தது? லாக் படிக்கத் தெரியாத டெவலப்பர்தான் மான்மெசேஜ் போட்டுப் பிழையை விழுங்க வைக்கிறவர் என்பது என் அபிப்பிராயம். கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும்.

மாணவர் சங்கத்துக்கு இரண்டு கோரிக்கை வைக்கிறேன். லேபில் ஒரு பீரியட், புரோகிராம் எழுதாமல் லாக் மட்டும் படிக்க வைக்கும்படி துறைத் தலைவரைக் கேட்க வேண்டும். என்ட் கோட் 0 என்று முடிந்த ஒரு லாகைக் கொடுத்து, அதற்குள் திரும்பிய ஏழு பேரைக் கண்டுபிடி என்று சொல்லட்டும். அடுத்தது, மாதம் ஒரு சனிக்கிழமை நம் ஊர்களில் ஒரு மேஜை போட்டு உட்கார வேண்டும். பணம் வராதவர்களுக்கு அவர்கள் நிலையைப் பார்த்து, என்ன காரணம், எந்த ஆபீஸ் போக வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். ஆதார் எண்ணையோ ஓ.டி.பி.யையோ நாம் எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் போனில், அவர்கள் கண் எதிரிலேயே பார்க்க வேண்டும்.

பேரையூருக்கு நான் இருக்கிறேன். டி.கல்லுப்பட்டிக்கும் சாப்டூருக்கும் எழுமலைக்கும் ஆள் வேண்டும். வருகிறவர்கள் சங்க அறையில் பெயர் கொடுங்கள்.